கையில் அழுத்தி ஓட்டிய கம்ப்யூட்டர்

என் வலது கட்டைவிரல் அன்று மதியத்துக்குள் வீங்கிவிட்டது.

நாமக்கல் புறவழிச்சாலையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம். மணமக்கள் உட்காரும் மேடையில் எங்கள் பாலிடெக்னிக்கின் அட்மிஷன் மேளா பேனர். வாசலில் முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாடி நின்றது. கூடத்தில் பிரிவுக்கு ஒரு மேஜை போட்டிருந்தார்கள். என் மேஜையில் நாங்களே கையால் செய்த ஒரு கம்ப்யூட்டர்.

அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் கம்ப்யூட்டரின் கணக்கு ஒரு அடி நகரும். இன்னொரு தடவை அழுத்தினால் இன்னொரு அடி. இரண்டு சின்ன எண்களைக் கூட்டி விடையை விளக்கு வரிசையில் காட்டுவதற்குள் எத்தனையோ அடி. அழுத்துவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். காலையில் மேஜை போட்டதிலிருந்து நான் அழுத்திக்கொண்டே இருந்தேன்.

கூடம் முழுக்கக் கேசரி வாசனை. பக்கத்து மேஜையில் ‘வணக்கம்’ சொல்லிக் கைகூப்பும் ஒரு ரோபோ பொம்மை. அது ஏ.ஐ. பிரிவின் மேஜை, கூட்டமெல்லாம் அங்கே. என் பக்கம் வந்தவர்கள் பெரும்பாலும் ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள்.

ஒருவர் மட்டும் நின்றார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு செல்போன், கூடவே பத்தாவது முடித்த மகள். என் விரலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, இது தானா ஓடாதுங்களா?” என்றார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒழுங்கான பதில் இருந்திருந்தால் இந்த வாரம் வேறு எதையாவது எழுதியிருப்பேன்.

பிள்ளை பிடிக்கும் பருவம்

மொபெட்டில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடித்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். ‘ஆசிரியர் தொழிலை இப்படிக் கேவலப்படுத்தலாமா’ என்று ஒரு வாசகர் கோபித்திருக்கிறார். ஐயா, நானா கேவலப்படுத்தினேன்? பள்ளித் தேர்வு முடிவு வந்ததுமே ஊர்ப் பெயரைக் கையில் கொடுத்து, ‘உங்கள் பங்குக்கு ஆள் சேர்த்துக்கொண்டு வாருங்கள்’ என்று எங்களை வெயிலில் விரட்டுவது வழக்கமாகிப் பல காலம் ஆகிவிட்டது. போகிற வீட்டில் மோர் கொடுப்பார்கள். குடித்து முடித்ததும் ஒரே கேள்விதான். “ஏ.ஐ. இருக்குதுங்களா?”

நான் ஆள் சேர்க்க வேண்டியது எலெக்ட்ரானிக்ஸ் பிரிவுக்கு. அதைச் சொன்னால், டி.வி. ரிப்பேர் கடை வைக்கிற படிப்பா என்று கேட்பார்கள். மோருக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியை எடுப்பேன்.

அந்த வருஷம் கோடை தொடங்கும்போது பிரின்சிபால் எங்கள் மூன்று பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். “இந்தத் தடவையும் ஆள் சேரலைன்னா உங்க பிரிவை மூடறதுன்னு நிர்வாகத்துல முடிவாயிருச்சுங்க. நானும் சொல்லிப் பார்த்துட்டேன்,” என்றார். பிரிவை மூடினால் எங்கள் மூன்று பேருக்கும் வேலை இல்லை.  

அந்த மூன்று பேரில் ஒருவர் அர்த்தநாரி சார், பிரிவின் தலைவர். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். எதிலும் கெட்டதுதான் அவர் கண்ணில் முதலில் படும். சாம்பார் வாளி இலைக்கு வருவதற்கு முன்பே உப்பு கூடுதல் என்பார். அறையை விட்டு வெளியே வந்ததும், “முடிஞ்சுதுங்க மேடம்,” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

இன்னொருவர் லேப் உதவியாளர் பழனியம்மாக்கா. (பெயரை மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது படித்து முடித்தால் தெரியும்.) பனமரத்துப்பட்டிப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். எனக்கும் சாருக்குமாவது டியூஷன், கீயூஷன் என்று ஏதாவது கிடைக்கும். அக்காவுக்கு இந்த வேலை போனால் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைதான். அவருக்கு இளைப்பு உண்டு.

“பண்ணைக் காத்து எனக்கு ஆகாதுங்க மேடம். செத்த நேரம் நின்னாலே நெஞ்சுக்குள்ள பூனை கத்தற மாதிரி கத்தும்,” என்பார்.

பிரிவை மூடுவார்களா என்று அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. காலையில் லேப் கதவைத் திறந்துவிட்டு என் முகத்தை ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் சில நாள் வேண்டுமென்றே தாமதமாகப் போயிருக்கிறேன்.

வெள்ளைப் பலகை

கம்ப்யூட்டர் செய்யலாம் என்பது என் யோசனை. ஏ.ஐ. ஏ.ஐ. என்கிறார்களே, அது எதன் மேல் ஓடுகிறது என்று பெட்டியைப் பிரித்துப் பிள்ளைகளின் கண் முன்னால் காட்டிவிட்டால், அவர்களில் சிலராவது இந்தப் பக்கம் வருவார்கள் என்று நம்பினேன். அட்மிஷன் மேளாவில் வைக்கலாம் என்றதும் பிரின்சிபால் சரி என்றார். அர்த்தநாரி சார், “வெக்கலாமுங்க,” என்றார். அவர் வாயிலிருந்து அதுவே பெரிய ஆசீர்வாதம்.

செய்தது பிரெட்போர்டில். அது வெள்ளை பிளாஸ்டிக் பலகை, உடம்பு முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள், உள்ளே உலோகக் கவ்விகள். ஈயத்தை உருக்கி சால்டர் வைக்கத் தேவையில்லை. கம்பியைத் துளையில் குத்தினால் கவ்விக்கொள்ளும், வேண்டாம் என்றால் உருவிக்கொள்ளலாம். மாணவர்களுக்கென்று வாங்கிய பலகைகள் எங்கள் அலமாரியில் அடுக்கடுக்காக இருந்தன. எடுத்துக் குத்துவதற்குத்தான் மாணவர்கள் இல்லை.

இந்தக் கம்ப்யூட்டருக்கு க்ளாக் என்று ஒரு பகுதி உண்டு. மணி காட்டும் கடிகாரம் இல்லை. டக், டக், டக் என்று ஒரே சீராக மின்சாரத்தை ஏற்றி இறக்குவதுதான் அதன் வேலை. நம் பக்கத்துக் கும்மியைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் ஒன்றாகக் கை தட்டி ஒன்றாகக் கால் மாற்ற வேண்டும். ஒருத்தி மட்டும் நடுவில் கூடுதலாக ஒரு தட்டுத் தட்டிவிட்டால் வட்டமே கலைந்துவிடும். கம்ப்யூட்டருக்குள்ளும் சிப் என்கிற அத்தனை சில்லுகளும் க்ளாக்கின் தட்டுக்குத்தான் கால் மாற்றுகின்றன.

அந்தத் தட்டைத் தருவது டைமர் என்ற சின்னச் சில்லு. நான் எந்தப் பலகையை எடுத்தாலும் இடது மேல் மூலையில்தான் ஆரம்பிப்பேன். தாளை எடுத்ததும் பிள்ளையார் சுழி போட்டுப் பழகிய கை, வேறு இடத்துக்குப் போகாது. டைமரை அந்த மூலையில் குத்தினேன். கையால் அழுத்தும் பொத்தானுக்கான பகுதியைப் பலகையின் நடுவில் வைத்தேன். பிறகு ஒவ்வொரு பலகையாகச் சேர்த்துக்கொண்டே போனோம். மேஜை நிறைந்தது.

குதித்தது

கோளாறை முதலில் பார்த்தவர் அர்த்தநாரி சார்தான். விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ண வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

“குதிச்சிருச்சுங்க மேடம்.”

“எங்கெங்க சார்?”

“மூணுக்கு அப்பறம் அஞ்சு வந்துது. நாலைக் காணோம்.”

ஒரு எண் காணாமல் போவது சின்ன விஷயம் இல்லை. கம்ப்யூட்டர் ஒரு கட்டளையைத் தாண்டிவிட்டது என்று பொருள். இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொன்னோம். ஒரு தடவை ஐந்து வந்தது. ஒரு தடவை பதின்மூன்று. ஒரு தடவை விளக்கெல்லாம் அணைந்து ஒன்றுமே வரவில்லை.

பொத்தானை அழுத்தி அடி அடியாக ஓட்டினால் பிசகாமல் ஓடியது. டைமரிடம் விட்டால் குதித்தது. ஆக, க்ளாக்கில்தான் கோளாறு என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்த மிச்சப் பாதிதான் என்னைக் கொன்றது.

நீளமான கம்பிகளைக் குட்டையாக வெட்டினோம். ஒவ்வொரு சில்லுக்குப் பக்கத்திலும் மின்சாரம் அதிராமல் இருக்க ஒரு கெப்பாசிட்டர் வைத்தோம். பவர் சப்ளையை மாற்றினோம். குதித்தது. விரலால் டைமரை அமுக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும். விரலை எடுத்தால் மறுபடி குதிக்கும்.

பட்டறைக்காரர்கள்

எங்கள் லேபுக்கு அடுத்த காம்பவுண்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. பகல் முழுக்க வெல்டிங். ஜன்னலில் நீல வெளிச்சம் பளிச் பளிச் என்று அடிக்கும். வெல்டிங் மெஷின் கரண்டை உலுக்கும், அந்த உலுக்கலில் க்ளாக் தடுமாறலாம். புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். நானும் சாரும் நேரே போய் மேஸ்திரியிடம் சொன்னோம்.

“எங்களால உங்க கம்ப்யூட்டருக்குத் தொந்தரவுங்களா?” என்று அவர் பதறிவிட்டார். “டீ வார நேரந்தானுங்க. எல்லா மெஷினையும் நிறுத்திப் போடறோம். நீங்க பாத்துச் சொல்லுங்க.”

சொன்னபடி நிறுத்தினார்கள். பட்டறையே அமைதியாகிவிட்டது. டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் எங்கள் ஜன்னல் ஓரம் வந்து நின்றார்கள். நான் சுவிட்சைப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஆறு.

“குதிச்சிருச்சுங்களா?” என்றார் மேஸ்திரி.

“குதிச்சிருச்சுங்க.”

“அப்ப நாங்க இல்லீங்க,” என்று பெருமூச்சு விட்டார். எல்லோரும் நிம்மதியாகத் திரும்பிப் போய் வெல்டிங்கைத் தொடங்கினார்கள். எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. பழி போட ஒரு ஆள் கிடைத்திருந்தார், அவரும் நல்லவராகப் போய்விட்டார்.

ஆயுத பூஜை

அன்று பட்டறையில் பார்த்த ஒன்று நினைவுக்கு வருகிறது. வெல்டிங் மெஷினின் நெற்றியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் லேபிலும் பூஜை உண்டு. அது பழனியம்மாக்காவின் பூஜை.

மீட்டர், சால்டரிங் அயர்ன், அலமாரியில் இருக்கிற பலகைகள் என்று ஒன்று விடாமல் எடுத்து மேஜையில் பரப்புவார். கிண்ணத்தில் சந்தனம் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைப்பார். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவுவதுபோல ஒரு மூலை பார்த்து வைப்பார், பொட்டின் நடுவில் குங்குமம். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

அந்தக் கோடைக்கு முந்தின பூஜையின்போதே பிரிவை மூடும் பேச்சு காற்றில் வந்துகொண்டிருந்தது. “இந்த வருசம் நல்லாக் கெட்டியா வெச்சிருக்கேனுங்க மேடம். லேப்பு நெறையப் புள்ளைங்க வரோணும்,” என்றார். ஒவ்வொரு பலகையையும் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பொரியும் கடலையும் வாங்க வேறு பிரிவுப் பிள்ளைகளெல்லாம் வந்தார்கள். “பொரிக்கு வந்த கூட்டம் அட்மிஷனுக்கு வந்தாச் சரி,” என்றார் அர்த்தநாரி சார்.

கொஞ்ச நாள் கழித்துக் கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வந்தது. எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு. அக்கா ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து அத்தனை பலகையையும் துடைத்து அடுக்கினார். இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, அதனால் சொன்னேன்.

போர்டு நல்லவன்

க்ளாக்கின் துடிப்பைப் பார்க்க ஸ்கோப் என்று ஒரு கருவி உண்டு. துடிப்பைத் திரையில் கோடாக வரைந்து காட்டும். அதன் முனையை டைமரில் மாட்டினேன். திரையில் அழகான சதுரமான அலை. விளக்குகள் ஒன்றுகூடக் குதிக்கவில்லை. முனையை எடுத்தேன், குதித்தது. மாட்டினேன், ஓடியது. பரீட்சை ஹாலில் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்கும் வரை ஒழுங்காக எழுதும் பையனைப் போல நடந்துகொண்டது.

“அப்ப மேளாவுக்கு ஸ்கோப்பையும் கூடவே கூட்டிட்டுப் போயிரலாமுங்க. மாப்பிள்ளைத் தோழன் மாதிரி பக்கத்துல நிக்கட்டும்,” என்றார் சார். அந்தக் கோடையில் அவர் சிரித்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அந்த நம்பிக்கையும் நிலைக்கவில்லை. ஒரு சாயங்காலம் கோடை மழை பெய்தது. மறுநாள் காலையில் ஸ்கோப்பை மாட்டியபோதும் குதித்தது.

சேலம் போய்ப் புது டைமர், புது கெப்பாசிட்டர், புதுக் கம்பி எல்லாம் வாங்கி வந்தேன். அங்கே அஸ்தம்பட்டியில் இருக்கும் கல்லூரித் தோழிக்குப் போன் செய்து ஏதாவது யோசனை கேட்டேன். வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி, இப்போது இன்ஷூரன்ஸ் பார்க்கிறாள். “நீ இன்னும் அதையேவா கட்டிட்டு அழறே?” என்றாள். பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு வந்தேன். ஆண்டகளூர் கேட் தாண்டும் வரை அவள் சொன்னது காதிலேயே நின்றது.

எல்லாம் புதிதாகப் போட்டும் குதித்தது. கடைசியாக ஒன்றுதான் பாக்கி.

“போர்டை மாத்திப் பாத்தரலாமுங்க,” என்றார் சார்.

அலமாரியிலிருந்து வேறு ஒரு பலகையை எடுத்து, க்ளாக் முழுவதையும் அதற்கு மாற்றினோம். குதித்தது. இன்னொரு பலகை. அதிலும் குதித்தது. ஒரு பொருளை மாற்றியும் கோளாறு மாறவில்லை என்றால் அந்தப் பொருளில் தப்பு இல்லை. இதை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தியவள் நான். “போர்டு நல்லவன்,” என்று சார் தீர்ப்புச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். என்ன என்று கேட்ட வீட்டுக்காரரிடம், ஒரு சின்னச் சில்லு என்னைப் பைத்தியமாக்குகிறது என்றேன். அவர் ரசத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் கோளாறு கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தது வெறும் வாய்ப்பேச்சுதானோ என்ற எண்ணம் வந்தது. 

மேளா நெருங்கிவிட்டது. கையால் அழுத்தியே ஓட்டுவது என்று முடிவு செய்தோம்.

மண்டபத்தில்

“ஓடுமுங்க. இப்பத்திக்குக் கையில ஓட்டறோம்,” என்று அந்த வெள்ளை வேட்டிக்காரரிடம் சொன்னேன்.

அவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் ஆபரேட்டர். போர் போட வடக்கே போனால் மாசக்கணக்கில் வீடு திரும்ப முடியாது என்றார். மகள் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ அழுத்திப் பாக்கறியா கண்ணு?” என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் எண்களை வைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு அழுத்துக்கும் எந்த விளக்கு மாறுகிறது, ஏன் மாறுகிறது என்று கேட்டுக் கேட்டு அழுத்தினாள். கடைசியில் விடை எரிந்தது. விளக்குகளை விரல் விட்டு எண்ணிச் சரிபார்த்தாள்.

“அப்ப நாந்தான் இதுக்கு க்ளாக்குங்களா மேடம்?”

“ஆமா சாமி, நீதான்.”

மறுபடி வேறு எண்களைக் கேட்டு வாங்கி ஓட்டினாள். இந்த முறை விடை வருவதற்கு முன்பே எந்த விளக்குகள் எரியும் என்று சொன்னாள். சொன்னபடியே எரிந்தன. எனக்கு விரல் வலி மறந்துவிட்டது. இப்படி ஒரு பிள்ளைக்காகத்தான் இதையெல்லாம் செய்தேன் என்று தோன்றியது. மேஜைக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்ற பழனியம்மாக்கா என் முகத்தைப் பார்த்தார். அன்று ஒருநாள்தான் அந்தப் பார்வையை நான் நேராகப் பார்த்தேன்.

அப்பா அதுவரை பொறுமையாகக் காத்திருந்தார்.

“அம்மிணி, தப்பா நெனச்சுக்காதீங்க. பக்கத்துல ஒரு ஆளு உக்காந்து அழுத்திட்டே இருக்கோணும்னா அது என்னங்க கம்ப்யூட்டரு? இதைப் படிச்சுப்போட்டு எம்புள்ளை எங்க போயி வேலை கேக்கறது?”

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. மகளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற பயம் அவருக்கு. எனக்கும் பயம்தான். ஒரே ஒரு தடவை, இந்த ஒரு தடவை மட்டும் ஓடிவிடு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே சுவிட்சைத் தள்ளி க்ளாக்கை டைமரிடம் கொடுத்தேன்.

விளக்குகள் ஓடின. கூட்டத்தில் ஓரிருவர் திரும்பிப் பார்த்தார்கள். ஓடி முடித்து நின்றது. அந்தப் பெண் குனிந்து விளக்குகளை எண்ணினாள்.

“தப்பா வருதுங்க மேடம்,” என்றாள். அவளுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும், மெதுவாகத்தான் சொன்னாள்.

“வா சாமி, அங்க என்னன்னு பாத்துட்டுப் போலாம்,” என்று அப்பா ரோபோ இருந்த மேஜைக்குக் கூட்டிப் போனார். அவள் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து கம்பியைச் சரிசெய்வதுபோலப் பாவனை செய்தேன்.

எங்கள் பிரிவுக்குத் தேவையான ஆட்கள் சேரவில்லை. கேட்ட எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே மூடிவிட்டார்கள்.

காலி செய்த அன்று

லேபை ஏ.ஐ. பிரிவுக்கு ஒழித்துக் கொடுக்க வேண்டும். பலகைகளையும் கருவிகளையும் பெட்டியில் கட்டி வேறு கல்லூரிக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து மீட்டர்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். பண்ணையில் பேசி முடித்துவிட்டதாகவும் திங்கட்கிழமை வரச் சொல்லியிருப்பதாகவும் காலையில் சொன்னார். மூக்குக்கு ஒரு துணி கட்டிக்கொண்டால் சரியாகிவிடும் என்றும் அவரே சொன்னார்.

நான் கம்ப்யூட்டரைப் பிரித்தேன். மூலையிலிருந்து டைமரை உருவினேன். அதன் கால்களில் மஞ்சளாக ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. பலகை மாற்றிய நாட்களில் அவசரத்தில் துரு என்று விட்டிருந்தேன், துரு இப்படி இருக்காது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

பலகையைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த தாளை உரித்தேன். மற்ற இடத்தில் கவ்விகள் பளபளவென்று இருந்தன. இடது மேல் மூலையில் மட்டும் சந்தனம் அடைத்துக் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமச் சிவப்பு. ஈரத்துணியால் துடைத்தபோது வெளியில் இருந்தது போய்விட்டது, மிச்சம் கரைந்து துளைக்குள் இறங்கிவிட்டது. காய்ந்தால் கவ்வியும் காலும் தொட விடாமல் தடுத்தது, விரலோ ஸ்கோப் முனையோ அமுக்கும் வரைதான் தொட்டது. மழை ஈரம் ஏறினால் பக்கத்துத் துளைக்கு மின்சாரத்தைக் கசிய விட்டது. டைமர் பாவம், அதன் காலுக்கு நிலையான பிடி ஒருநாளும் கிடைக்கவில்லை.

மாற்றிப் பார்த்த பலகையை எடுத்து உரித்தேன். அதே மூலை, அதே பொட்டு. அடுத்ததிலும் அப்படியே. அலமாரியில் இருந்த எல்லாவற்றிலும் அக்கா ஒரே இடத்தில்தான் வைத்திருந்தார், கெட்டியாக. எல்லாவற்றிலும் நான் அதே இடத்தில்தான் டைமரைக் குத்தினேன்.

உரிக்காத ஒரு பலகையில், மூலையை விட்டு விலகி மறுகோடியில் டைமரைக் குத்தி, மற்றவற்றோடு இணைத்து சுவிட்சைப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கடைசி வரை போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. கூட்டச் சொன்னேன். ஐந்து. மறுபடி ஐந்து. எத்தனை தடவை கேட்டாலும் ஐந்து.

எப்போது வந்தார் என்று தெரியாது, அர்த்தநாரி சார் பின்னால் நின்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். “ஓடுதுங்களே,” என்றார்.  எனக்கு அந்தப் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. அன்று மண்டபத்தில் இது இப்படி ஓடியிருந்தால் அவளாவது வந்திருப்பாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்திருப்பார்களோ என்னவோ. ஓடியிருந்தாலும் மூடியிருப்பார்கள் என்று சார் இன்றைக்கும் சொல்கிறார். இருக்கலாம். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை.

“ஓடுதுங்களா மேடம்?” அக்கா பேப்பரை அப்படியே போட்டுவிட்டு எழுந்து வந்தார். விளக்குகளைப் பார்த்ததும் கை கூப்பிவிட்டார். கண் நிறைந்துவிட்டது. “அன்னிக்கு வெச்ச பொட்டுங்க. சாமிக்கு இன்னிக்குத்தான் காது கேட்டிருக்குது.”

நான் உரித்த பலகையைக் கையில் எடுத்தேன்.

“என்னதானுங்க கோளாறு?” என்று அக்கா கேட்டார்.

சார் என் கையில் இருந்த உரித்த பலகையைப் பார்த்தார். அந்த மஞ்சளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு பலகையை என் கையிலிருந்து வாங்கி, உரித்த பக்கம் தெரியாமல் மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“கம்பி லூசுங்க அக்கா,” என்றார்.

“அவ்வளவுதானுங்களா,” என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அப்புறம் தன் பையைத் திறந்து ஒரு சின்னச் சந்தன டப்பாவை எடுத்தார். வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்தார் போலும். பாட்டில் தண்ணீரில் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டுக் குழைத்தார்.

“வேற எடத்துக்குப் போற பொருளுங்க மேடம். அங்கயாச்சும் நல்லா இருக்கட்டும். ஒரு பொட்டு வெச்சு அனுப்பலாமுங்களா?”

“வையுங்க அக்கா,” என்றேன்.

அனுப்ப வைத்திருந்த பலகைக் கட்டு முழுவதையும் எடுத்து வைத்துக்கொண்டார். முதல் பலகையின் இடது மேல் மூலைக்கு அவர் விரல் போனது. பலகை ஆடியது. ஆடாமல் இருக்க நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டேன்.